இடிவீரனின் ஆசானுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது சொந்தக் கற்பனை இல்லை, திருட்டு. திருடிய இடமும் என் வீடுதான் என்பதால் யாரும் போலீசுக்குப் போக முடியாது. 2000-ஆம் வருடம் வில்லாபுரத்து லோக்கல் கேபிளில் ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு ‘இடிவீரன்’ என்றொரு தொடர் ஓடியது. மொத்தம் இருபத்திரண்டு பகுதிகள். கதை, வசனம், விளம்பர வாசகம், சண்டைக் காட்சியில் புகை வருவதற்காகச் சாம்பிராணி போடுவது எல்லாம் நான். அதில் பதினான்காவது பகுதி, கோபித்துக்கொண்டு போன ஆசான் திரும்பி வருவது. அதைச் சிறுகதையாக எழுதித் தாருங்கள், சிரிப்பாக இருக்கும் என்று இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கேட்டார். சிரிப்பாக இருக்கும் என்றுதான் நானும் உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: “நாகமலையின் மேல் கருமேகங்கள் சூழ்ந்திருந்தன. அவற்றைக் கிழித்துக்கொண்டு இடிவீரன்

(அது ஏப்ரல் மாதம். மதுரையில் ஏப்ரலில் மேகம் வந்தால் அதுவே பேப்பரில் செய்தி.)

இரண்டாவது தொடக்கம்: “குரு சிஷ்ய உறவு என்பது நம் பண்பாட்டில் தொன்றுதொட்டு

(இப்படித் தொடங்கினால் நானே படிக்க மாட்டேன்.)

மூன்றாவது தொடக்கம்: “செத்துப்போன மனிதர் கதவைத் திறந்து, ‘வாங்கப்பா, காபி குடிக்கிறீங்களா?’ என்று கேட்டார்.”

இது பரவாயில்லை. உண்மையாக நடந்ததும்கூட. ஆனால் அவர் எப்படிச் செத்தார் என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் மேகத்தையும் பண்பாட்டையும் கூப்பிட்டுப் பார்த்தேன்.

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பேர் இல்லை.

நல்லகாமன் அண்ணே. கேபிள்காரர். வில்லாபுரத்தில் அறுநூறு வீட்டுக்கு வயர் இழுத்திருந்தவர். ஒரு சேனலைத் தனக்கென்று வைத்துக்கொண்டு காலையில் பக்திப் பாட்டு, மாலையில் பிறந்தநாள் வாழ்த்து என்று ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோ எடுக்கும் கேமரா ஒன்று முகூர்த்தமில்லாத நாட்களில் சும்மா கிடந்தது. அந்தச் சும்மா கிடந்த நாட்களில் பிறந்தவன்தான் இடிவீரன்.

பாலமுரளி. இடிவீரனாக நடித்தவன். என் சித்தப்பா மகன். வீட்டில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள். அதனால் இடிவீரன் தோளில் பறந்த நீலத் துணியில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். உலகத்தில் வேறு எந்த வீரனும் சுங்குடி கட்டிப் பறந்ததில்லை என்று நினைக்கிறேன். (நாங்கள் சௌராஷ்டிரர்கள். பாலமுரளி என்னைத் திட்டுவதெல்லாம் வீட்டு மொழியில்தான். இங்கே தமிழில் தருகிறேன், காரம் கொஞ்சம் குறைந்திருக்கும்.)

இன்னாசிமுத்து சார். ஆசான் அக்னியாக நடித்தவர். திருநகர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளியில் பி.டி. வாத்தியார். பாலமுரளிக்கு மூன்று மாதம் மைதானத்தில் மணலைக் கொட்டி, உயரத்திலிருந்து எலும்பு உடையாமல் விழச் சொல்லிக்கொடுத்தவர். எங்கள் தொடரில் உண்மையாக இருந்த ஒரே விஷயம் அவன் விழுவதுதான்.

விக்டோரியா டீச்சர். இன்னாசிமுத்து சாரின் மனைவி. நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்.

முத்திருளன். அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். கொஞ்சம் அவசரக் குடுக்கை. சரியாகப் பொருந்துவாரா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இருந்தாலும் கதைக்கு அவர் தேவைப்படுகிறார். இப்போதைக்கு இருக்கட்டும்.

3

எட்டாம் பகுதியில் ஒரு நாயை எழுதினேன்.

ஆசான் அக்னி யானைமலைக் குகையில் தவம் செய்து தீயை வென்றவர். எதற்கும் அஞ்சாதவர். அப்படிப்பட்டவர் தெருநாய் ஒன்றைப் பார்த்து வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தில் ஏறுகிறார். எழுதும்போது எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பார்த்த பிள்ளைகளுக்கும் தாங்கவில்லை. நேயர் விருப்பம் என்று புதன்கிழமை மறுபடி போட்டோம்.

அடுத்த வாரம் இன்னாசிமுத்து சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, கிரவுண்டுல விசில் ஊதுனா, கடைசி வரிசைல இருந்து எவனோ குலைக்கிறான். திரும்பிப் பாத்தா அம்புட்டுப் பேரும் பூன மாதிரி நிக்கிறாய்ங்க. இனிமே அந்த நாய் மட்டும் வேணாம்.”

“சரி சார்,” என்றேன்.

ஒன்பதாம் பகுதியில் இரண்டு நாய் வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். இருபத்து மூன்று வயதில், எழுதியதைப் பார்த்து ஜனங்கள் சிரித்தால் கை நிற்காது. படப்பிடிப்புக்கு வந்தவர் நாய்களைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், ஒட்டுத் தாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். எங்கள் ஊரில் கிளம்புகிற யாரும் ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். அவர் “போறேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதற்கு ஈடு கிடையாது. பத்தாம் பகுதியில் ஆசானைக் கொன்றேன்.

4

ஆள் இல்லாமல் எப்படிக் கொல்வது? அடையாள அட்டைக்கென்று அவர் கொடுத்திருந்த பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலை போட்டு, விளக்கேற்றினோம். பாலமுரளி படத்துக்கு முன்னால் நின்று அழுதான். டை கட்டிய குகைவாசி எப்படி வந்தார் என்று யாரும் கேட்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

மதுரையில் போஸ்டர் ஒட்டாமல் எந்தக் காரியமும் நடந்ததில்லை என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். காதுகுத்து, கல்யாணம், பதவி உயர்வு, பதவி போனது எல்லாவற்றுக்கும் சுவரில் ஆள் நிற்க வேண்டும். சாவுக்குச் சொல்லவே வேண்டாம், போஸ்டர் இல்லையென்றால் இறந்தவருக்கே சந்தேகம் வந்துவிடும். ஆகவே ஆசான் அக்னிக்கும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடித்துத் தொடருக்கு விளம்பரம் தேடுவது என்று முடிவானது. வாசகத்தை முத்திருளன் எழுதினார்.

எங்கள் வழக்கப்படி ‘வைகுண்ட பதவி அடைந்தார்’ என்றுதான் அவர் முதலில் எழுதினார். பிறகு யோசித்தார். படத்தில் இருப்பவர் கிறிஸ்தவர். அவர் தலைக்கு மேல் வைகுண்டத்தைப் போடுவது மரியாதை இல்லை. (ஆசான் அக்னிக்கு மதமே கிடையாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.) அதனால் அழகாக ஒரு சிலுவை போட்டு, ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று எழுதி, கீழே ‘நம் அக்னி சார்’ என்று பெயர் போட்டார். திருநகரில் எல்லோரும் இன்னாசிமுத்து சாரை அப்போது அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வில்லாபுரத்தில் ஞாயிறு ஓடும் கேசட்டைத் திருநகர்க் கேபிள்காரருக்குக் கொடுத்தனுப்புவோம். அங்கே திங்கள் சாயங்காலம்தான் போடுவார்கள். போஸ்டரோ இரண்டு இடத்திலும் திங்கள் விடியற்காலை ஒட்டப்பட்டது. அதாவது, திருநகரில் ஆசான் இன்னும் சாகவில்லை. செத்தது இன்னாசிமுத்து சார்.

அன்றைக்கென்று பார்த்து அவர் ஊருக்குப் போகிற மைத்துனரை பஸ் ஏற்றிவிட விடியும் முன்பே மாட்டுத்தாவணிக்குப் போயிருந்தார். பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூடத் தாமதமாக வராதவர் காலை வழிபாட்டுக்கு வரவில்லை. பள்ளிச் சுவரில் போஸ்டர். ஒரு நிமிட மௌனம், ஒரு செபம், அரை நாள் விடுமுறை. பஸ்ஸை விட்டு இறங்கி அவர் பள்ளி வாசலுக்கு வந்தபோது, பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவன் அவரைப் பார்த்து நின்றான். பின்னால் வந்தவர்கள் அவன்மேல் மோதினார்கள். அவன் திரும்பிச் சொன்னானாம், “டேய், சாரு வந்துட்டாருடா. லீவு போச்சு.”

இதை இன்னாசிமுத்து சாரே பிற்பாடு என்னிடம் சொல்லிச் சிரித்தார். நீங்களும் சிரிக்கலாம். நான் இந்த இடத்தில் பத்தியை முடித்துவிட ஆசைப்பட்டேன்.

ஆனால் அதே காலையில், ஏழரை மணிக்கு, பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் மாலையோடு விக்டோரியா டீச்சர் வீட்டுக்கு வந்தார்கள். மாட்டுத்தாவணி ரோட்டில் ஏதோ ஆகிவிட்டது என்று அவர் நினைத்தார். எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போய், பிணவறைக்கு வெளியே அழுதுகொண்டிருந்தவர்களோடு வரிசையில் நின்று, உள்ளே இருக்கிற ஒவ்வொருவராகக் காட்டச் சொல்லிப் பார்த்தார். நாலு பேரைப் பார்த்தார். அதற்குள் இன்னாசிமுத்து சார் தேடிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார். மணி பத்தரை. மூன்று மணி நேரம் அந்த அம்மாள் புருஷன் இல்லாதவராக இருந்தார்.



5

முத்திருளனை எடுத்துவிடுகிறேன்.

அப்படி ஒருவர் இல்லை. அச்சகத்தில் இருந்தவர் நான் எழுதிக் கொடுத்ததை ஒற்றுப் பிழைகூட மாற்றாமல் கோத்த ஒரு பெரியவர், அவர் பெயர் எனக்கு நினைவில்லை. வைகுண்டத்தை அடித்துவிட்டுக் கர்த்தரை எழுதியவன் நான். எழுதி முடித்து, அடடா, எவ்வளவு பக்குவமாக யோசித்திருக்கிறோம் என்று பெருமைப்பட்டு டீ குடித்தவனும் நான். முத்திருளனை வைத்து இந்தக் கதையை நாலு முறை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் என் முகத்தைப் பார்த்து, தம்பி, என்னை எதற்கு இதில் இழுக்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது. நல்ல மனுஷன், போகட்டும்.

அன்று மத்தியானமே திருநகரிலிருந்து பத்துப் பேர் நல்லகாமன் அண்ணே ஆபீசுக்கு வந்துவிட்டார்கள். அவர் எழுந்து நின்று, “என் கேபிளு, என் போஸ்டரு. வையிறதுன்னா என்னைய வைங்க,” என்றார். நான் டேபிளுக்குப் பின்னால் கேசட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே அடுக்கியிருந்த கேசட்டுகள்.

6

அடுத்தடுத்த வாரங்களில் போஸ்டுகார்டுகள் வந்தன. ‘ஆசானை உயிரோடு கொண்டு வரவும். இல்லாவிட்டால் நாங்கள் வேறு சேனல் பார்ப்போம். இப்படிக்கு 6-ஆம் வகுப்பு ஆ பிரிவு.’ நல்லகாமன் அண்ணே எல்லாவற்றையும் ரப்பர் போட்டுக் கட்டி எடுத்துக்கொண்டு, என்னையும் பாலமுரளியையும் கூட்டிக்கொண்டு திருநகர் போனார். செத்துப்போன மனிதர் கதவைத் திறந்து, “வாங்கப்பா, காபி குடிக்கிறீங்களா?” என்று கேட்டார். (மூன்றாவது தொடக்கம் இங்கேதான் பொருந்துகிறது. பாதி வழியில் தொடங்குகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

“சார், ஆசான் இல்லாம பிள்ளைக டிவியப் போட மாட்டேங்குதுக,” என்றார் நல்லகாமன் அண்ணே.

கார்டுகளை ஒவ்வொன்றாகப் படித்த இன்னாசிமுத்து சாரின் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

“செத்தவன் எப்படிப்பா வாரது?”

“அதெல்லாம் கிரி எழுதிருவான்,” என்று அண்ணே என்னைக் காட்டினார்.

“நாய் வருமா?”

“வராது சார்,” என்றேன்.

“எழுதிக் குடுங்க.”

‘இனி நாய் வராது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விளையாட்டில்லை, உண்மையாகவே வைத்துக்கொண்டார்.

விக்டோரியா டீச்சர் காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்றார்.

“இவரு வரட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல. ஒண்ணே ஒண்ணு மட்டும் தெரியணும். அந்தப் போஸ்டர எழுதுனது யாரு?”

பாலமுரளி என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன்.

“நான்தான் டீச்சர்,” என்றார் நல்லகாமன் அண்ணே.

“நீங்களேவா எழுதுனீங்க? கர்த்தருக்குள் நித்திரைன்னு?”

“ஆமா டீச்சர். கர்த்தருதான்.”

“நாங்க ஆர்.சி., கத்தோலிக்கம்ணே. எங்காளுக அப்படி எழுத மாட்டோம், சி.எஸ்.ஐ. சபைக்காரங்கதான் எழுதுவாங்க. எங்களப் பத்தித் தெரியாத யாரோதான் எழுதியிருக்கணும். தெரியாட்டியும் மரியாதக் கொறவா இருந்துறக் கூடாதுன்னு மெனக்கெட்டு எழுதியிருக்காக. வெளயாட்டுக்கு எழுதியிருந்தா வைஞ்சுட்டு விட்டுருவேன். இம்புட்டு யோசிச்சவுக, அந்த ஆளுக்கு வீட்டுல ஒருத்தி இருக்காளேன்னு மட்டும் யோசிக்கலயே. அதான் எனக்கு விளங்க மாட்டேங்குது.”

இந்த இடத்தில் கதாநாயகன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து, “டீச்சர், அது நான்” என்று சொல்ல வேண்டும். என் வாயில் காபி இருந்தது. விழுங்கினேன். விழுங்கிய பிறகும் சொல்லவில்லை.

“எழுதுனவுக அந்த மாலையக் கழட்டட்டும்,” என்றார் டீச்சர். “போட்டோவுக்குப் போட்ட மால. நான் வந்து பாக்கணும்.”

7

பதினான்காம் பகுதியை நாகமலை அடிவாரத்தில் ஒரு சனிக்கிழமை காலை எடுத்தோம். டீச்சர் குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஒரு பாறையில் படத்தைச் சாய்த்து வைத்திருந்தோம். புது மாலை, காலையில்தான் வாங்கியது.

முடிவு ஒன்று: நான் கேமராவைத் தாண்டிப் போய் மாலையைக் கழற்றுகிறேன். டீச்சர் என்னைப் பார்க்கிறார். எனக்கும் அழுகை வருகிறது, அவருக்கும் வருகிறது. (கிடையாது. ஆனால் பஸ்ஸில் போகும்போதெல்லாம் இதை நான் நடத்திப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை கண்டக்டர் என்ன சார் ஆச்சு என்று கேட்டார்.)

முடிவு இரண்டு: காற்றடித்து மாலை தானாகக் கீழே விழுகிறது. (ஏப்ரலில் காற்றா? மேகத்துக்குச் சொன்னதேதான்.)

முடிவு மூன்று: நடந்தது. நல்லகாமன் அண்ணே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போய், இரண்டு கையாலும் மாலையை எடுத்தார். தப்பு அவர் செய்ததில்லை. நான் வசனக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றேன்.

பிறகு ஆசான் பாறைக்குப் பின்னாலிருந்து வந்தார். ஆசான் சாகவில்லை, கோபித்துக்கொண்டு மலையில் மறைந்திருந்தார் என்று கதையை மாற்றி, அவர் சீடனை மன்னிப்பதற்கு நான் இரண்டு பக்கம் வசனம் எழுதியிருந்தேன். இடிவீரன் சுங்குடி பறக்க ஓடிவந்து அவர் காலில் விழுந்தான். உணர்ச்சி வேகத்தில் அப்படியே முழங்காலைத் தரையில் அடித்து விழுந்தான். இன்னாசிமுத்து சார் இரண்டு பக்கத்தையும் மறந்துவிட்டார்.

“முட்டிய அடிச்சு விழாதன்னு எம்புட்டுத் தடவடா சொல்றது? எந்திரி. காட்டு, ரத்தம் வருதா?”

அதை அப்படியே ஒளிபரப்பினோம். இருபத்திரண்டு பகுதியிலும் அதுதான் நல்ல வசனம். அது நான் எழுதியதில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது டீச்சர் நல்லகாமன் அண்ணனிடம் வந்தார். “மன்னிச்சுட்டேண்ணே,” என்றார். அவர் நம்பித்தான் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நல்லகாமன் அண்ணே தலையை ஆட்டினார். வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து நான் திரும்பி வந்தேன். அவனியாபுரம் தாண்டியதும் அவர் திரும்பாமலே சொன்னார்.

“மாப்ள, திட்டு வாங்குறதுன்னா எம்புட்டு வேணாலும் உனக்காக வாங்கிக்கிருவேன். இது அப்படி இல்லப்பா. இத நான் வச்சுக்கிட முடியாது. நீயே ஒரு நாளைக்குப் போயி வாங்கிக்க.”

சரிண்ணே என்றேன். ஐந்து வருடம் ஆயிற்று.

8

வாசகர்களே, இதுவரை வந்ததற்கு நன்றி. நீங்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடிவை உங்களிடம் ஒப்படைப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளில் வழக்கம் என்று தெரியும். மன்னிக்க வேண்டும், இதை உங்களிடம் கொடுக்க முடியாது. இது வேறொருவருக்குச் சேர வேண்டியது. இந்தப் பத்திரிகைக்குத் திருநகரில் ஒரே ஒரு சந்தாதாரர் இருப்பதாக ஆசிரியர் பேச்சுவாக்கில் சொன்னார். பெயரையும் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் இந்தக் கதை சிரிப்பாக இருக்காது என்று எனக்குப் புரிந்தது.

டீச்சர், அந்தப் போஸ்டரை எழுதியவன் நான். பெயர் கிரிதரன். காபி குடித்துக்கொண்டிருந்தவன்.

இதற்குப் பிறகு நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் திட்டுகிறீர்கள். ஒன்றில் சிரிக்கிறீர்கள். ஒன்றில், அன்றைக்கே தெரியும் தம்பி என்கிறீர்கள், அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனாலேயே அதை முதலில் கிழித்தேன். மற்ற இரண்டையும் பிறகு கிழித்தேன். சார் எதற்குப் பயப்படுவார் என்று நானாக எழுதினேன், அவரைக் கேட்கவில்லை. அவர் எப்படிச் சாவார், செத்தபின் எந்தச் சாமியிடம் போவார் என்றுகூட நானாக எழுதினேன். உயிரோடு இருப்பவர்கள் பேச வேண்டியதை அவர்களுக்கு முன்னால் நான் எழுதிவிடுவது போதும் டீச்சர்.

இந்த இதழ் வெளியாகிற வாரம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் திருநகர் மூன்றாவது ஸ்டாப்பில் இறங்கி, உங்கள் வீட்டுக்கு நடந்து வருவேன். நல்லகாமன் அண்ணே வர மாட்டார், கேட்டுப் பார்த்தேன். நான் மட்டும்தான் வருகிறேன். கதவைத் தட்டுவது வரைக்கும் எழுதியாகிவிட்டது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.